சார்பும் தன்வயமும்

இறைவனுக்குரிய எண்குணங்களுள்ளே தன்வயத்தனாதல் என்பது ஒன்று. பிறிதொன்றின் வயப்படாது தன்வயத்தனாய் நிற்றல் சிவபெருமான் ஒருவருக்கே உரிய இலக்கணமென்பது சைவசித்தாந்தத் துணிபு. ஆன்மாவின் இலக்கணமோ வேறு. அது சார்ந்ததன் வண்ணமாவது. பாசத்தைச் சார்ந்துழிப் பாசமாயும், பதியைச் சார்ந்துழிச் சிவமாயும் விளங்குவது. யாதொரு சார்புமின்றி ஒரு கணமும் நில்லாதது. இஃது இங்ஙனமாக, ஓர் இளம்பிள்ளையைச் சுட்டி, “இனி இவன் தன் காலிலே தான் நிற்கட்டும்” என்று நாம் சொல்லும்போது, அச்சொல்லின் பொருள் யாது? ஒரு சார்பை விட்டு மற்றொரு நற்சார்பை அடைக என்பது பொருளாயின், அது பொருந்தும். சார்பே இன்றி நிற்க என்பது பொருளாயின், சொல்லுபவர் தம்மை அறியாமலே சிவத்தின் இலக்கணத்தைப் பதினெட்டு வயதுப் பிள்ளையிடத்தே எதிர்பார்ப்பவராகின்றார்.

இது வெறுஞ் சாத்திர விசாரமன்று. பெற்றோரை இழந்தோ, பெற்றோரிருந்தும் பேணுவாரின்றியோ வாடும் பிள்ளைகளை ஏற்று வளர்க்கும் இல்லங்கள் நம் குடாநாட்டிலே பல உள. அவற்றின் வாயிலூடாக உள்ளே வரும் குழந்தையைக் குறித்து நாம் மிகப் பேசியிருக்கின்றோம். அதே வாயிலூடாகப் பதினெட்டாம் வயதிலே வெளியே போகும் பிள்ளையைக் குறித்துப் பேசினோர் மிகச் சிலர். வருகின்ற குழந்தையைப் பார்த்த கண்ணில் நீர் சுரக்கின்றது. போகின்ற இளைஞனைப் பார்த்தாலோ, “வளர்ந்துவிட்டான், நன்று” என்று மனம் அமைதியடைந்துவிடுகின்றது. அவ்வமைதி நியாயமானதுதானா என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட வினா.

முதலில், செய்தவர்களின் அருமையைச் சொல்லாமல் அப்பாற் செல்லுதல் நன்றியன்று. 1824ஆம் ஆண்டிலே அமெரிக்க மிசனாரிமார் உடுவிலிற் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தாபித்தார்கள். பிள்ளைகளை உண்பித்து உடுப்பித்துக் கற்பித்தார்கள். அப்பாடசாலையிலே கற்றுக் கிறிஸ்தவ ஆடவரை மணந்த பெண்களுக்குச் சீதனமுங் கொடுத்தார்கள். சமயம் மாற்றுதற்கு இட்ட தூண்டில் அஃதென்று நம்மவர் வெகுண்டார்கள், அவ்வெகுளி நியாயமானதே. ஆயினும், பெண்ணொருத்திக்குச் சோறும் படிப்பும் கொடுத்த மாத்திரத்திற் கடமை தீர்ந்துவிடாது, அவள் விடுதியை விட்டுப் போய் வாழவேண்டிய ஒரு வீடும் உண்டு என்பதை அவர்கள் அன்றே கண்டிருந்தார்கள். பகைவரிடத்தும் கற்கத்தக்கது கற்றல் அறிவுடையோர் செயல். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தமை, மிசனாரிமாரிடத்தே கண்ட முறையை நம் சமயத்தின் பொருட்டுத் திருப்பிக்கொண்ட செயலன்றோ?

அவர் வழியிலே 1923ஆம் ஆண்டிற் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியது. “இந்து போட்” இராசரத்தினம் என்று ஊரார் அன்புடன் வழங்கிய பெருமகனாரின் உழைப்பினாலே நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் அச்சங்கத்தின் பரிபாலனத்தில் வளர்ந்தன. ஆதரவற்ற சைவப் பிள்ளைகளுக்குத் திருநெல்வேலியிலே ஓர் இல்லமும் நடந்தது. பின்னாளிலே தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைமையை ஏற்ற சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் (1925–2008), ஆலய வருவாயைக் கொண்டே பெண்பிள்ளைகளுக்குத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை அமைத்தார். கோயிற் பணம் கோபுரத்துக்கும் திருவிழாவுக்கும் மாத்திரம் உரியதென்று எண்ணியிருந்த நாட்டிலே, அம்பிகையின் உண்டியல் ஒரு பெண்குழந்தையின் பாடப்புத்தகமாகவும் பாவாடையாகவும் மாறலாமென்று காட்டியது எளிய காரியமன்று. போர் மூண்டு, 1990இல் வலிகாமம் வடக்கு மக்களும் 1995இல் குடாநாட்டு மக்களிற் பெரும்பகுதியினரும் இடம்பெயர்ந்து அலைந்தமையும், 2004ஆம் ஆண்டு மார்கழியிற் கடல் பொங்கி வந்தமையும், 2009இல் வன்னியில் நிகழ்ந்த பேரழிவும் இத்தகைய இல்லங்களின் தேவையைப் பன்மடங்காக்கின.

இல்லங்களின் பெயர்ப்பலகை குறித்து இடையே ஒரு வார்த்தை. நாதன் இல்லாதவன் அநாதன். அச்சொல்லே “அநாதை” என வழங்குகின்றது. சிவபெருமானை உலகுக்கெல்லாம் நாதன் என்று நாள்தோறும் துதிக்கின்ற வாயினாலே ஒரு குழந்தையை நாதனில்லாதது என்று சொல்லுதல் எவ்வாறு? பெயர்ப்பலகைகள் பல இப்பொழுது மாறியிருக்கின்றன, நன்று. நாவு இன்னும் மாறவில்லை. நிற்க.

சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கின்றது. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமும், 1941ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டமும் பிள்ளைகளின் பாதுகாப்பை வகுத்தன. 1989ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், அதுவரை இருபத்தொன்றாயிருந்த பராய வயதைப் பதினெட்டாக்கியது. பதினெட்டு நிறைந்தவர் சட்டத்தின் கண்ணுக்குக் குழந்தையல்லர். சட்டம் எங்கேயாவது கோடு கிழித்தே தீரவேண்டும். அதனைக் குறை கூறுதற்கில்லை. ஆயின், சட்டத்தின் கோடு நம் தருமத்தின் கோடுமாகிவிட்டமையே குறை.

அக்கோட்டைக் கடந்த ஒரு பெண்ணை மனத்திலே நிறுத்திப் பார்க்க. ஏழு வயதிலே வந்தவள். பதினொரு வருடம் மணியோசைக்கு எழுந்து, மணியோசைக்கு உண்டு, மணியோசைக்கு உறங்கினவள். தேவாரம் பண்ணோடு பாடுவாள். சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியடைந்தும் இருக்கின்றாள். ஆனால் ஒரு கிழமைக்கு வேண்டிய அரிசி எவ்வளவென்பது அவளுக்குத் தெரியாது. நூறு பேருக்குச் சமைக்கும் அண்டாவைக் கண்டிருக்கின்றாளேயன்றி இருவருக்குச் சமைக்கும் பானையைக் கண்டவளல்லள். தன் கையிற் பணம் வைத்திருந்ததில்லை. கதவைத் தானே பூட்டித் திறந்ததில்லை. இத்தகையவள் ஒரு நாட் காலை ஒரு பையும், ஒரு நற்சான்றிதழும், நிருவாகத்தாரின் ஆசியும் பெற்று வெளியே வருகின்றாள்.

வெளியே என்ன இருக்கின்றது? இல்லங்களில் வளரும் பிள்ளைகளுள்ளே தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள் சிறுபான்மையினரே. பெரும்பாலார்க்குத் தாயாவது தந்தையாவது உயிரோடிருக்கின்றனர். அவளும் பழைய வீட்டுக்கே போகலாம். எந்த வறுமையும் எந்தக் குடியும் எந்த மாற்றாந்தந்தையும் அவளை அங்கிருந்து பிரித்தனவோ, அவை அங்கேயே இருக்கக்கூடும். அவ்வீடு வேண்டாமெனின், கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலையிலோ நகரத்துக் கடையிலோ வேலை தேடலாம். வாடகை வீட்டுக்காரர் பல மாத முற்பணம் கேட்பார். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்று பெறுதற்கு வதிவிடம் ஒன்று வேண்டும். சில இடங்களில் வேலைக்கே பிணை நிற்பார் இருவர் வேண்டும். நுண்கடன் கொடுப்போர் மாத்திரம் பிணையை வேறு வழியிற் பெற்றுக்கொள்வார்கள்; பெண்கள் சிலரைக் குழுவாக்கி ஒருவர் கடனுக்கு மற்றவரைப் பிணையாக்குவார்கள். “அதிலே கையெழுத்து வையாதே, மகளே” என்று சொல்ல ஒரு பெரியம்மா அவளுக்கு இல்லை. ஒருவன் வந்து இனிமையாக இரண்டு வார்த்தை பேசினால், அவன் யார், எவ்வூர், முன்னமே மணமானவனா என்று விசாரித்து வருதற்கு ஒரு தமையனும் இல்லை.

“பதினெட்டு வயது வந்தவர்கள் பிழைத்துக்கொள்ளமாட்டார்களா?” என்று கேட்பவர் தம் வீட்டுப் பிள்ளையை ஒருகால் நோக்குவாராக. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்திலே எந்தப் பிள்ளை பதினெட்டிலே தனித்து விடப்பட்டான்? நம் பாட்டன்மார் எழுதுவினைஞராய்க் கொழும்புக்குப் போனார்கள். போனவர் தனியே போகவில்லை. ஊரவர் பலர் கூடி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஒரு சமையற்காரனை வைத்து, மாத முடிவிலே செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தைச் “சமறி” என்பார்கள். புதிதாய் வந்த பையன், சம்பளம் கிடைக்குமளவும், சமறியிலே மூத்தவர்களின் கணக்கில் உண்டான். அவன் இரவிலே நேரஞ் சென்று வந்தால் மூத்தவர் ஒருவர் கேள்வி கேட்டார். அவன் அப்பனுக்குக் கடிதமும் எழுதினார். மலாய் நாட்டுக்குப் புகையிரதப் பகுதியில் உத்தியோகம் நாடிக் கப்பலேறினவனுக்கும் அங்கே முன்சென்ற சிற்றப்பனோ ஊரவனோ இருந்தான். இலண்டன் மாநகரிலே 1844ஆம் ஆண்டில் யோர்ச் வில்லியம்ஸ் என்னும் துணிக்கடை ஊழியர் வை.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைத் தொடங்கியதும், நாட்டுப்புறத்திலிருந்து வந்து நகரத்திலே துணையின்றி நின்ற இளைஞர் பொருட்டேயாம். நாம் சங்கம் அமைக்கவில்லை. நமக்குச் சுற்றமே சங்கமாயிருந்தது.

பெண்பிள்ளைக்கோ நம்மவர் செய்த ஏற்பாடு இன்னும் உறுதியானது. 1707ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை சீதனத்துக்குக் கொடுக்கும் இடம் யாவரும் அறிந்ததே. அதனால் விளைந்த தீமைகள் பல. அவற்றை இங்கே பேசப் புகுந்தால் கட்டுரை வேறாகிவிடும். எனினும் அதன் உள்ளே கிடந்த கருத்து ஒன்றுண்டு: பெண் வாழப்போகும் போது அவள் தலைக்கு மேலே ஒரு கூரை அவளுடையதாய் இருத்தல் வேண்டும். மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்கின்றான். தாய்வீடு பக்கத்து வளவிலே இருக்கின்றது. வேலிப் பொட்டினூடாக ஒரு கிண்ணம் குழம்பு போய் வருகின்றது. முதற் பிள்ளைப்பேறு வரையிலும், அதற்குப் பின்னும், தாயின் கை மகளின் அடுப்பை விட்டு முற்றாக நீங்குவதில்லை. இப்படிச் சிறிது சிறிதாகக் கைவிட்டு, விட்டபின்னும் எட்டும் தூரத்தில் நிற்றலே நம் நாட்டார் “வாழவைத்தல்” என்று சொல்லும் சொல்லின் பொருள். இல்லத்துப் பிள்ளைக்கு மாத்திரம் ஒரே நாளில் முழுக்கையையும் விட்டுவிடுகின்றோம். அதனைச் சுதந்திரம் என்று பெயரிட்டு அழைப்பதனால் அதன் இயல்பு மாறிவிடாது.

பெரியபுராணத்திலே இதற்கு ஒரு சரித்திரமுண்டு. அதனை இந்நோக்கிற் கண்டோர் அரியர். திருவாமூரிலே புகழனாரும் மாதினியாரும் சிவபதமடைந்தபோது அவர்களுடைய மக்கள் இருவரும் தாய் தந்தையற்றவர்களானார்கள். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருணீக்கியார். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையாரும் போரிலே இறந்தார். உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பியார் தனித்துப் போவாரே என்ற ஒன்றன் பொருட்டே உயிர் தாங்கினார். ஆதரவற்ற இருவருள் ஒருவர் மற்றவருக்கு இல்லமானார் என்க.

தம்பியார் வளர்ந்தார், அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்தார், பின் உண்மை நாடித் திருப்பாதிரிப்புலியூர் சென்று சமணம் புகுந்து தருமசேனர் என்னும் பெயரும் பெருமதிப்பும் பெற்றார். தமக்கையார்க்கு அது வேம்பு. ஆயினும் அவர் சென்று தம்பியாரைக் கைப்பற்றி இழுத்து வந்தாரில்லை. “உனக்காகவன்றோ உயிர் வைத்திருந்தேன்” என்று முறையிட்டதாகவும் காணோம். திருவதிகையிலே மடம் ஒன்றில் இருந்து, திருவலகும் திருமெழுக்கும் இட்டு, இறைவரிடத்தே விண்ணப்பஞ் செய்தார். சூலைநோய் பற்றி வருத்தியபோது தருமசேனர் தம் சமையற்காரனைத் தமக்கையாரிடம் அனுப்பினார். “சமணர் இருக்குமிடத்துக்கு நான் வாரேன்” என்று அம்மையார் மறுமொழி விடுத்தார். தம்பியார் இரவிலே தாமே நடந்து வந்து தமக்கையார் அடியில் வீழ்ந்தார். அவர் ஒரு கடிந்த வார்த்தையுமின்றித் திருநீறளித்துத் திருவலகும் தோண்டியும் கொண்டு கோயிலுக்கு அழைத்துச் சென்றார். திருநாவுக்கரசரை நமக்குத் தந்தது அவ்விரவு.

இச்சரித்திரத்திலே நாம் கருதவேண்டியது, அம்மையார் செய்தவற்றோடு செய்யாமல் விட்டவையுமாம். பிள்ளை போகும் வழியை அவர் அடைக்கவில்லை. பிழையான வழியென்று உறுதியாய் அறிந்தும் அடைக்கவில்லை. பிழைக்குத் துணையாய் அங்கே போகவுமில்லை. ஆனால் அவர் இருந்த இடம் தம்பியாருக்குத் தெரிந்திருந்தது. நள்ளிரவிலே தட்டினாலும் திறக்கும் வாயில் ஒன்று உலகத்திலே அவருக்கு இருந்தது. திலகவதியார் தம்பி வளர்ந்தவுடன் தம் கடமை முடிந்ததென்று உயிரை நீத்திருப்பாராயின் அவர் எங்கே வந்து விழுந்திருப்பார்?

ஆகவே, வேண்டப்படுவது இல்லத்துக்கும் உலகத்துக்கும் இடையிலே நிற்கும் ஒரு வீடு. இது புதிய கற்பனையன்று. கீரிமலையிலும் செல்வச்சந்நிதியிலும் நம் முன்னோர் மடங்கள் கட்டினார்கள். மடமென்பது நிலையாய்க் குடியிருக்கும் இடமன்று; வழிச்செல்வார் தங்கி, இளைப்பாறி, மேற்செல்லும் இடம். பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடத்தைக் கண்டவர்கள் அறிவார்கள். தெருவே அதனூடாகச் செல்கின்றது, இருபுறத் திண்ணையும் தெருவில் நடப்பவனுக்கே உரியன. தெருவோரங்களிலே சுமைதாங்கிக் கற்களையும் நாட்டினார்கள். சுமைதாங்கியின் அறிவு அதன் உயரத்திலே இருக்கின்றது. மிகத் தாழ்ந்திருந்தால் இறக்கிய சுமையை மறுபடி தலைக்கேற்றுதற்குப் பிறன் ஒருவன் வேண்டும். மிக உயர்ந்திருந்தால் இறக்கவே முடியாது. தலையளவு நிற்பதனாலேதான் சுமப்பவன் தானே இறக்கித் தானே ஏற்றிக்கொள்ளுகின்றான். அக்கல் ஒருபோதும் அவன் சுமையைத் தன்னுடையதாக்கிக்கொள்வதில்லை.

அத்தகைய வீடு எவ்வாறிருக்கும்? இல்லத்தின் மதிலுக்கு உள்ளே இருத்தலாகாது; ஊருக்குள்ளே, மற்ற வீடுகளைப்போல ஒரு வீடாய் இருத்தல் வேண்டும். பெயர்ப்பலகை வேண்டாம். மூவர் நால்வருக்கு மேல் வேண்டாம். மிகுந்தால் அதுவும் ஒரு சிறிய இல்லமாகிவிடும். திறப்பு அவர்கள் கையில் இருத்தல் வேண்டும். முற்பணத்தை நிருவாகத்தார் கொடுக்கலாம். வாடகையிலே முதலிற் பெரும்பங்கும், வேலை நிலைத்தபின் பாதியும், பின் காற்பங்கும் கொடுத்து, பின்னர் நிறுத்தலாம். அடுப்புச் செலவு முதல் நாள் தொட்டே அவர்கள் கணக்கு. அவர்கள் பிழை விடுவார்கள். முதற்சம்பளத்திலே கைத்தொலைபேசி வாங்கிவிட்டு மாத முடிவிற் பாணும் சம்பலுமாய் நாட் கழிக்கும் பையனை எந்தக் குடும்பம் கண்டதில்லை? அதற்காக அவனை வீட்டை விட்டுத் துரத்துவாரும் இல்லை. அவன் சம்பளத்தைப் பறித்து வைப்பாரும் அறிவுடையோரல்லர். பக்கத்து வீட்டிலே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்து, கேட்டபோது வழி சொல்லி, கேளாதபோது கண்ணை மாத்திரம் அவ்வீட்டின்மேல் வைத்திருப்பாராயின் அதுவே பெரிய நிருவாகம்.

இறைவனுடைய ஐந்தொழில்களுள் மறைத்தலும் ஒன்றென்பதை நாம் ஓதுகின்றோம். அதன் கருத்தைச் சிந்திப்பது குறைவு. மலம் பரிபாகமடையுமளவும் இறைவன் தன்னை மறைத்து நின்று உயிரை உலகத்திலே செலுத்துகின்றான். அம்மறைப்பைச் சாத்திரம் திரோதானம் என்று பெயரிட்டு அருளின் ஒரு வடிவமாகவே கூறுகின்றது. மறைந்து நிற்றல் வேறு, இல்லாமற் போதல் வேறு. முன்னையது அருள், பின்னையது கைவிடுதல். திருவெண்பாக்கத்திலே சுந்தரமூர்த்தி நாயனாருக்குக் கண் கொடாது ஊன்றுகோல் மாத்திரம் கொடுத்த வரலாற்றையும் நினைக்க. ஒரு கண் காஞ்சியிலும் மறு கண் திருவாரூரிலும் பின்னரே கிடைத்தன. தோழருக்கே இறைவர் அப்படிப் படிப்படியாய்ச் செய்தார். நாயனார் கோல் பெற்றபோது மகிழவில்லை என்பதும் உண்மை. பாதித் துணையைப் பெறுவோர் கொடுத்தவரை வாழ்த்துவார்களென்று எதிர்பார்ப்பவர் இப்பணிக்கு வருதல் வேண்டாம்.

பிற நாடுகளும் இப்பக்கம் திரும்பியிருக்கின்றன. இங்கிலாந்திலே 2000ஆம் ஆண்டின் சட்டம், பராமரிப்பை விட்டுச் செல்லும் இளைஞரை இருபத்தொரு வயது வரையிலும், கல்வி தொடர்வோரை அதற்கு மேலும் கண்காணிக்கும் கடமையை உள்ளூராட்சி மன்றங்களின்மேல் வைத்தது; ஒவ்வொருவருக்கும் ஆலோசகர் ஒருவரையும் நியமிக்கச் செய்தது. இந்தியாவிலே 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரையிலான பிற்பராமரிப்பை வகுத்திருக்கின்றது. 2009ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகளும் இதனையே வற்புறுத்துகின்றன. சட்டம் எழுதியதனாலே எல்லாம் நிறைவேறிவிட்டதென்று கொள்ளற்க. எழுதப்பட்டது என்பதே நாம் அறியவேண்டியது.

இனித் தடைகள். “அவரவர் வினைப்பயனை அவரவர் அநுபவிக்கின்றார்கள், நாம் குறுக்கிடுவதென்ன?” என்பார் சிலர். அப்பிள்ளையின் துன்பம் அவள் பிராரத்தமாயின், அவள் வழியிலே நாம் நிற்பதும் அப்பிராரத்தத்திற்கு உட்பட்டதே. கொடுத்தற்கு வேண்டியது நம்மிடமிருக்க நாம் முகந் திருப்பிக்கொள்ளுதல் யாருடைய ஆகாமியம்? இத்தடைக்கு இவ்வளவு போதும்.

“நீடித்த உதவி சோம்பலை வளர்க்கும்” என்பது வலியுடைய தடை. உண்மையே, நாள்தோறும் ஆக்கிப் படைக்கும் உதவி சோம்பலை வளர்க்கும். ஆயின் அவ்வகை உதவியை நாம் பதினொரு வருடம் இல்லத்திலே செய்துவிட்டு, சோம்பலுக்கு அஞ்சுவதை மாத்திரம் வாயிலிலே தொடங்குகின்றோம். அச்சம் உண்மையாயின் பன்னிரண்டு வயதிலே பிள்ளையின் கையிற் சிறு பணமும் சிறு பானையும் கொடுத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது தடையே நெஞ்சை உறுத்துவது. “பசித்த சிறு குழந்தை வாயிலிலே நிற்க, வளர்ந்தவனுக்கு வாடகை கொடுப்பதா?” சோற்றுப்பானை ஒன்றாயிருக்கும் சிறிய இல்லத்தின் தலைவர் இவ்வாறு கேட்டால் அவரை நாம் குறைகூற மாட்டோம், குழந்தையின் பசியே முந்தியது. ஆனால் அவ்விரு செலவையும் ஒரே பானையிலே நிறுத்தியவர் யார்? திருவிழா உபயங்களின் பட்டியலை நோக்குக. வாணவேடிக்கைக்கும், ஒலிபெருக்கிக்கும், ஒரே கோயிலிற் பலமுறை மாறும் ஓட்டுக்கும் வெளிநாட்டு அன்பர் அனுப்பும் பொருள் குறைவின்றி வருகின்றது. கொடுத்தவர் பெயர் ஒலிபெருக்கியிற் கேட்கின்றது, கல்லிலே பொறிக்கப்படுகின்றது. மூன்று பெண்கள் வாழும் பெயர்ப்பலகையில்லாத வீட்டிலே எவர் பெயரையும் பொறிக்க இடமில்லை. பணி மறைந்து நிற்கவேண்டியதாயின் பணி செய்வாரும் மறைந்தே நிற்கவேண்டும். அங்கேதான் நம்மவர் பின்வாங்குகின்றார்கள். தனி இல்லம் ஒன்றால் இயலாதெனின் நான்கு இல்லங்களும் இரண்டு தேவஸ்தானங்களும் கூடி ஒரு வீட்டை வைத்திருத்தல் இயலும்.

பொருளினும் அரிய தடை ஒன்று நம் வாயிலே இருக்கின்றது. வாடகைக்கு வீடு கேட்டு வரும் இளைஞனை நோக்கி, “தம்பி எவ்விடம்? யாருடைய பிள்ளை?” என்று கேட்கின்றோம். கேள்வி இனிமையானதே, அதன் அடியிலே கிடப்பது சாதி விசாரணை. 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே உள்ளே விடும்படி நின்று போராடவேண்டியிருந்தது. கோயில்கள் பல திறந்தன. வீட்டு வாயிலும் கலியாண வாயிலும் அவ்வளவு திறந்தனவா? தன் குலம் இன்னதென்று தானே அறியாத பிள்ளைக்கு இக்கேள்வி எப்படி இருக்கும்? சிவதீட்சை பெற்றவர்க்குச் சிவனே தந்தை, சத்தியே தாய் என்று பிரசங்கஞ் செய்துவிட்டு, வீட்டிற்கு வந்து அப்பிள்ளைக்கு அறை இல்லையென்று சொல்லுகின்ற சைவர், தம் சமயத்தை யாரிடமிருந்து பரிபாலிக்கின்றார்?

இதனால் இல்லத்தின் நிருவாகத்தார் செய்யக்கூடியதும், பணம் அதிகம் வேண்டாததும் ஆகிய காரியம் ஒன்றுண்டு. சென்ற பிள்ளைக்குக் குலமாகவும் சுற்றமாகவும் தாமே நிற்றல். பிறப்பத்தாட்சிப் பத்திரமும் பரீட்சைச் சான்றுகளும் அவன் கையிற் சேர்ந்தனவா என்று பார்த்தல், பிணைக்கு ஒரு கையொப்பம் இடுதல், “யாருடைய பிள்ளை?” என்னும் கேள்விக்கு, “எங்கள் பிள்ளை” என்று வீட்டுக்காரர் முன்னே சென்று நின்று சொல்லுதல், தைப்பொங்கலுக்கும் நவராத்திரிக்கும் வரும்படி அழைத்தல், வந்தால் விருந்தினராக அன்றிப் பிள்ளையாக அடுப்படிக்குப் போகவிடுதல். பெண் ஒருத்திக்கு மணம் பொருந்தி வரும்போது மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்தல். அழைப்பிதழ் அச்சிடும் நாளிலே, “இன்னாரின் புத்திரி” என்று எழுதவேண்டிய வரியிலே எழுதுகோல் நின்றுவிடும். அப்போது அவ்விடத்திலே தம் பெயரை எழுதும்படி கொடுத்து, தாலி கட்டும் வேளையிலே பெற்றோர் நிற்கும் இடத்திலே போய் நிற்றல்.